தட்டில் செத்த உயிரணுக்களும் ‘புற்றுநோய் மருந்து’ என்னும் தலைப்பும்

ஏதோ ஒரு செடியின் மெத்தனால் சாறு மார்பகப் புற்றணுக்களை அழித்ததாம். ஆய்வுக்கட்டுரை வெளியான மறுவாரமே அது நாளிதழ்ச் செய்தியாகிறது. அடுத்த வாரம் சூரணப் புட்டியின் மேல் அச்சாகிறது. தாவர வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவன் என்னும் முறையில் இதைக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் துறைகளில் ஒரு சமையற்குறிப்பு நிலைபெற்றுவிட்டது. செடியைப் பறி, நிழலில் உலர்த்து, கரைப்பானில் ஊறவை, எம்.டி.டி. சோதனை செய், கணினியில் ஒரு புரதத்தோடு மூலக்கூற்றைப் பொருத்திப் படம் வரை, கட்டுரை அனுப்பு. இதில் எந்தக் கட்டத்தில் புற்றுநோய் வருகிறது? எம்.டி.டி. சோதனை அளப்பது உயிரணுவின் வளர்சிதை மாற்றம் ஒரு சாயத்தை ஒடுக்கும் அளவை மட்டுமே. பாலிஃபீனால் நிறைந்த தாவரச் சாறு உயிரணுவே இல்லாத கிண்ணத்திலும் அச்சாயத்தை ஊதாவாக்கும். உயிரணுக்கள் இல்லாத கட்டுப்பாட்டுக் கிண்ணம் வைத்திருக்கும் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்.

அளவைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அளவுகோலாகப் பரவலாக எடுத்தாளப்படுவது, கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் பாதி உயிரணுக்களை ஒடுக்க வேண்டும் என்பது. நாமோ 300, 400 மைக்ரோகிராமில் கிடைத்த முடிவுக்கு ‘வலிமையான செயல்திறன்’ என்று பெயர் சூட்டுகிறோம். அந்த அடர்த்தியில் சமையலறை உப்புக்கும் சோப்புக்கும்கூட ஏதேனும் ஒரு திறன் இருக்கும். இயல்பான உயிரணுக்களை அதே சாறு என்ன செய்கிறது என்னும் கேள்வியோ பெரும்பாலும் எழுப்பப்படுவதே இல்லை.

“வின்கிரிஸ்டின் நம் நித்தியகல்யாணியிலிருந்து வரவில்லையா?” என்று உடனே கேட்பார்கள். வந்தது. ஆனால் எப்படி வந்தது? சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கிய அச்செடி, பல நாடுகளின் நாட்டு வழக்கில் நீரிழிவுக்கான மருந்து. கனடாவில் நோபிளும் பீரும் அதைச் சோதித்தது இரத்தச் சர்க்கரைக்காகவே. சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது அந்தத் திசைமாற்றத்தைக் கூர்ந்து கவனித்ததால்தான். டாக்சாலோ, 1962இல் பசிபிக் யூ மரப்பட்டையைத் திரட்டிய பொதுச் சல்லடைத் திட்டத்தில் சிக்கியது. வானியும் வாலும் அதன் கட்டமைப்பை வெளியிட்டது 1971இல். ஹார்விட்ஸ் அது நுண்குழல்களை உறைய வைக்கும் விதத்தைக் காட்டியது 1979இல். மருந்தாக ஒப்புதல் பெற்றது 1992இல். முப்பது ஆண்டுகள்! “மரபில் பயன்பட்டு வருகிறது” என்று தொடங்கும் நம் முன்னுரைப் பத்திக்கு இவ்விரு வரலாறுகளிலும் சான்றில்லை. பாடோஃபில்லம் வேண்டுமானால் ஓரளவு விதிவிலக்கு.

நம்மிடம் திறமை இல்லாமலில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் மராத்தியர் ‘நரக்யா’ என்றழைக்கும் மரத்தில் கேம்ப்டோதெசின் இருப்பதைக் கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் 1972இலேயே வெளியிட்டார்கள். அது சல்லடைத்தனமான வேலையன்று. பிரித்தெடுத்து, தூய்மையாக்கி, அடையாளம் கண்ட வேதியியல். கேம்ப்டோதெசின் நச்சுத்தன்மையால் முதற்கட்ட மனிதச் சோதனைகளில் தடுமாறியது. அதன் மாற்றுருக்களான டோபோடெக்கனும் இரினோடெக்கனும் 1996இல்தான் அமெரிக்க ஒப்புதல் பெற்றன. இடையில் நடந்ததெல்லாம் நம் கட்டுரைகள் நின்றுவிடும் இடத்துக்கு அப்பால் நடந்தவை. அம்மரத்தையோ வெட்டி வெட்டியே அருகச் செய்துவிட்டோம், அது வேறு கதை.

மஞ்சளைச் சொல்லாமல் விட்டால் தேசத்துரோகமாகிவிடும். குர்குமின் பற்றி 2017இல் நெல்சனும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய மதிப்பாய்வு, நூற்றிருபதுக்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளைக் குறிப்பிட்டு, அவற்றில் இருமறைப்பு முறையில் வெற்றிகண்டது ஒன்றுகூட இல்லை என்றது. எந்தச் சோதனையிலும் தலைகாட்டிப் பொய்யான முடிவு தரும் மூலக்கூறு அது. உடலில் உறிஞ்சப்படுவதும் மிகச் சொற்பம். இதை மறுக்க வேண்டுமானால் சான்றோடு மறுக்கலாம். நாமோ படிக்காமலேயே அடுத்த மஞ்சள் கட்டுரையை அனுப்பிவிடுகிறோம்.

இதற்கு விலை கொடுப்பவர் ஆய்வாளர் அல்லர். 2018இல் அமெரிக்க நோயாளர் பதிவேடுகளைக் கொண்டு வெளியான ஓர் ஆய்வில், வழமையான சிகிச்சையை விடுத்து மாற்று மருத்துவத்தை மட்டுமே நாடியவர்கள் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்கையும் தாண்டியது. தொடக்க நிலையிலேயே கண்டறியப்பட்ட ஒரு பெண் ஆறு மாதம் சாறு குடித்துக் காத்திருந்தால், அவருடைய கையில் இருப்பது நம் கட்டுரையின் நகலாகவும் இருக்கலாம். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரதாரர்க்குச் சட்டம் உண்டு. அவருக்குத் தலைப்பு எழுதிக் கொடுத்த நமக்கு?

மாணவரை மட்டும் குறை சொல்வது நேர்மையன்று. மூன்றாண்டில் இரண்டு கட்டுரை கேட்கும் நெறியாளர், தூய்மைப்படுத்தும் கருவிக்குப் பணம் தராத துறை, தாக்க எண்ணைத் தவிர வேறெதையும் படிக்காத நேர்காணல் குழு ஆகிய மூவரும் சேர்ந்தே இந்தச் சமையலறையை நடத்துகிறார்கள். ஆகவே வாய்மொழித் தேர்வுகளில் அமரும் பேராசிரியர்களிடம் கேட்கிறேன்: அடுத்த முறை ‘புற்றுநோய் எதிர்ப்பு’ என்னும் சொல் ஆய்வேட்டின் தலைப்பில் வந்தால், இயல்பான உயிரணு எது, கட்டுப்பாட்டுக் கிண்ணம் எங்கே, தூய சேர்மம் எது, உயிரணு வரிசையின் அடையாளச் சான்று இருக்கிறதா என்னும் நான்கையும் கேளுங்கள். விடையில்லையெனில் தலைப்பை ‘உயிரணு நச்சுத்தன்மை’ என்று திருத்தச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.