வேலியில் ஒரு பொட்டு



ஓகஸ்ட் மாதம் வந்துவிட்டால், யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த அறைகள் திறக்கப்படுகின்றன. கனடாவிலும் லண்டனிலும் பாடசாலை விடுமுறை. பிள்ளைகள் பெற்றோரோடு ஊருக்கு வருகிறார்கள். வருகிறவர்களுள் மிகச் சிறியவரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன். தாயின் இடுப்பை விட்டு இறங்க மறுக்கும் அந்தக் குழந்தைக்கு இந்தப் பயணம் எதைக் கொடுக்கிறது?

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ரொறன்ரோவிலிருந்து வந்த அந்தப் பெண் குழந்தைக்கு வயது இரண்டு. அப்பம்மா ஆசையோடு கைநீட்டினார். குழந்தை வீறிட்டு அழுதது. "பிள்ளை ஒருவரிடமும் போகாது போல" என்று உறவினர் மனம் வருந்தினர். வருந்த வேண்டியதில்லை. ஏறத்தாழ எட்டு மாதத்திலிருந்தே குழந்தை அறிந்த முகத்தையும் அறியாத முகத்தையும் பிரித்துணர்ந்து அஞ்சத் தொடங்குகிறது. தாயை நன்கு பற்றிக்கொண்ட பிள்ளையே புதியவரைக் கண்டு ஒதுங்குகிறது. அதற்கு வேண்டியது கண்டிப்பு அன்று; சில நாட்கள்.

மூன்றாம் நாள், பக்கத்து வளவில் இரண்டு சிறுவர் சிரட்டைகளில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தனர். ஏழு வயதுச் சிறுமியும் நான்கு வயதுத் தம்பியும். அவர்கள் இக்குழந்தையின் பெரியப்பாவின் பிள்ளைகள். கிடுகு வேலியில் கோழிகள் போய்வரும் ஒரு பொட்டு இருந்தது. குழந்தை அதன் வழியே நுழைந்துபோய், அவர்களுக்குச் சற்றுத் தள்ளி அமர்ந்து, தானும் ஒரு சிரட்டையில் மண் அள்ளத் தொடங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னஞ்சிறு குழந்தைகள் முதலில் ஒருவரோடொருவர் விளையாடுவதில்லை, ஒருவர் அருகில் ஒருவர் விளையாடுகிறார்கள் என்பதை அமெரிக்க ஆய்வாளர் மில்ட்றட் பார்ட்டன் 1932ஆம் ஆண்டிலேயே எழுதினார். அந்த அருகிருப்பே உறவின் முதற்படி. ஆறாம் நாள் காலையில் குழந்தை கண்விழித்ததும் கேட்டது தாயை அன்று. "அக்கா" என்றது.

இதில் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அந்த இரு வீட்டாரும் ஒன்பது ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கிணற்றுப் பங்கிலும் வேலி எல்லையிலும் தொடங்கிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. எந்த வேலிக்காக அண்ணனும் தம்பியும் வழக்காடினார்களோ, அந்த வேலியின் பொட்டு வழியேதான் குழந்தை போனது. பெரியம்மா அதன் கைகால் கழுவி, சோறு ஊட்டி, தூக்கிவந்து படலையடியில் தாயிடம் கொடுத்தார். "பிள்ளை வடிவாய்ச் சாப்பிட்டவள்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. ஒன்பது ஆண்டுகளில் அவ்விரு பெண்களுக்கிடையே நடந்த முதற் பேச்சு அதுவே.

வாசகர்களே, நம் மொழியில் இப்பிள்ளைகள் ஒருவருக்கொருவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம் எல்லோரையும் 'கசின்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. நமக்கோ பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா ஆகியோரின் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. மாமா, மாமியின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். 'ஒன்றுவிட்ட' என்பது பிறருக்கு விளக்கும்போது மட்டும் சேர்க்கப்படும் அடைமொழி. கூப்பிடும்போது அது வருவதில்லை. ஆனால் கூப்பிட ஆள் இல்லாத பிள்ளைக்கு இச்சொற்கள் எதற்கு?

நம்மில் ஒரு தலைமுறை இவ்வுறவுகளைக் கடிதங்களிலும் புகைப்படங்களிலுமே அறிந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரில். ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, போர் முடிந்த பின்னரே மறுபடி திறந்தது. அன்று பாதைகளை மூடியவர்கள் பிறர். இன்று பாதை திறந்திருக்கிறது. ஒரே வளவுக்குள் வந்து இறங்கிய பிள்ளைகளுக்கிடையே வேலி போடுபவர்கள் யார்?

திருமறையில், தந்தையின் ஆசீர்வாதத்திற்காகப் பிரிந்த ஏசாவும் யாக்கோபும் இருபது ஆண்டுகளின் பின் சந்திக்கிறார்கள். நானூறு பேரோடு வந்த அண்ணனைக் கண்டு தம்பி அஞ்சுகிறான். ஏசாவோ ஓடிவந்து அவனைக் கட்டித் தழுவி அழுகிறான். அதன்பின் அவன் முதலில் கேட்பது பழைய கணக்கை அன்று; தம்பியோடு நிற்கும் இந்தப் பெண்களும் பிள்ளைகளும் யார் என்பதையே (ஆதியாகமம் 33). அவர்கள் பின்னர் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. ஆயினும் தந்தை ஈசாக்கை இருவருமாகவே அடக்கம் செய்தார்கள்.

பன்னிரண்டு வயது இயேசுவையும் நினைத்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து திரும்பும் வழியில், மரியாளும் யோசேப்பும் ஒரு நாட் பயணம் முழுவதும் மகனைத் தேடவில்லை. அவர் உறவினர் கூட்டத்தில் இருப்பார் என்று நம்பியிருந்தார்கள் (லூக்கா 2). அது கவலையீனம் அன்று. எந்த உறவினரோடு நடந்தாலும் பிள்ளை பத்திரமாயிருக்கும் என்று நம்பத்தக்க ஒரு சுற்றம் அவர்களுக்கு இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு சுற்றம் இருக்கிறதா?

ஆகவே, விடுமுறைக்கு வருகிறவர்களே, பத்து வீடுகளில் தேநீர் குடித்துப் படம் எடுப்பதைக் குறைத்து, ஒரு வீட்டில் சில நாட்கள் தங்குங்கள். "மாமிக்கு முத்தம் கொடு" என்று அழும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். விலையுயர்ந்த பொம்மையை ஊர்ப் பிள்ளையின் முன் காட்டி, கொண்டவர், இல்லாதவர் என்று அவர்களைப் பிரிக்காதீர்கள். சிரட்டையும் மண்ணும் போதும். ஊரில் இருப்பவர்களே, வெளிநாட்டுப் பிள்ளையின் தமிழைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.

நியாயம் கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அநீதி இழைக்கப்பட்டவர் தம் உரிமையைக் கேட்கட்டும். ஆனால் அந்த வழக்கில் பிள்ளைகளைக் கட்சிக்காரர் ஆக்காதிருப்போம். காணியைப் பின்னரும் பங்கிடலாம். இரண்டு வயதில் கிடைக்காத அக்காவை இருபது வயதில் தேடிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது.

அக்குடும்பம் திரும்பிச் சென்ற நாளில், பெரியப்பா தம் படலையடியில் நின்றார். தம்பியோடு பேசவில்லை; குழந்தைக்குக் கைகாட்டினார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அண்மையில் அவ்வேலி புதிதாக அடைக்கப்பட்டபோது, அந்தப் பொட்டை மட்டும் அடைக்காமல் விட்டிருந்தார்கள்.

உங்கள் வேலியில் ஒரு பொட்டு இருக்கிறதா? இவ்வாரம் சிந்திப்போம்.