போன ஊரின் சோறு: லிஸ்பனிலும் கீரை சாப்பிட்ட காவித் துறவி

திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், கோபுரத்தை அண்ணாந்து பார்க்காமல் திரும்புவதில்லை. மந்திரத்தின் பொருள் கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து ராமானுஜர் 18 முறை இங்கே நடந்து வந்தார், கடைசியில் கிடைத்ததைக் கோபுரத்தின் மேல் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்பது வைணவ மரபு. இன்றைக்கு அந்தத் தூரம் காரில் இரண்டு மணி நேரம். கால்நடையாக 18 முறை என்றால், வழியில் எங்கே தங்கியிருப்பார், என்ன சாப்பிட்டிருப்பார், கூட யார் வந்திருப்பார்கள்?

பெரிய பயணங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சின்னக் கேள்விகளை நாம் கேட்பதே இல்லை. ஆனால், ஒரு பயணம் உண்மையானதா என்பது இவற்றில்தான் தெரியும்.

கடல் தாண்டிய ஊர்க்காரர்கள்

வெளிநாட்டுப் பயணம் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று நகரத்தார் ‘கொண்டு விற்க’ப் போனார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில் பலர் வரிசையாகப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து தொழில் செய்தார்கள். ராத்திரி அங்கேயே படுக்கை. சமைக்க ஊர்ச் சமையல்காரர். கும்பிட தண்டாயுதபாணி. கடல் தாண்டினாலும் சாப்பாடும் சாமியும் கூடவே போயின.

அதற்கு 150 வருடங்களுக்கு முன்பே இதே சீமைக்கு எதிர்த்திசையிலிருந்து ஒருவர் வந்தார். தன் சாமியைக் கொண்டுவந்தார். ஆனால், தன் சாப்பாட்டைக் கரையிலேயே விட்டுவிட்டார்.

ஆறு மாதக் கப்பல்

ஜான் டி பிரிட்டோ 1647-ல் லிஸ்பனில் பிறந்தவர். அரண்மனைப் பழக்கமுள்ள குடும்பம். இயேசு சபையில் சேர்ந்த அவர், 1673 மார்ச்சில் சக துறவிகளுடன் கப்பல் ஏறினார். கோவாவை அடைந்தபோது செப்டம்பர். மதுரை மிஷனில் நெடுங்காலம் உழைத்த பல்தசார் டா கோஸ்டாவும் அந்தக் குழுவில் இருந்தார். புதியவர்களை அழைத்து வந்த அந்த அனுபவசாலி, வழியில் கடலிலேயே இறந்துபோனார். வழிகாட்டி இல்லாமல்தான் மற்றவர்கள் கரை இறங்கினார்கள்.

1674-ல் செஞ்சிப் பக்கம் வந்து சேர்ந்த பிரிட்டோ, நம் ஊருக்கு ‘அருளானந்தர்’ ஆனார். பெயரை மாற்றுவது சுலபம். நாளை மாற்றுவதுதான் கஷ்டம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

உடம்பில் காவித் துணி. கையில் தடி. இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் கிடையாது. சோறு, கீரை, காய், கொஞ்சம் பால். படுக்கை தரையில். மண் சுவரும் கூரையும்தான் வீடு, அதுவும் சில நாள்களுக்கு. பிறகு அடுத்த ஊருக்கு நடை. மறவர் சீமையின் வெயிலில், காட்டுப் பாதையில், சில நேரம் பிடிபடாமல் இருக்க இருட்டில்.

இந்த வாழ்க்கைக்கு வழி போட்டவர் 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நோபிலி. மாமிசமும் மதுவும் தொட்ட வெளிநாட்டுக்காரரை இங்கே பலர் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. தமிழும் சமஸ்கிருதமும் படித்து, சைவ உணவுக்கு மாறி, துறவிக் கோலம் பூண்டார்.

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. உயர்சாதியினர் மதிக்கும் சந்நியாசியாக இருந்துகொண்டு, ஒடுக்கப்பட்ட மக்களின் வீட்டுக்கு வெளிப்படையாகப் போக முடியாது. எனவே 1640-ல் ‘பண்டாரசாமிகள்’ என்ற இன்னொரு பிரிவு தொடங்கியது. அந்தக் கோலத்தை முதலில் ஏற்றவர்தான் கடலில் இறந்த டா கோஸ்டா. அருளானந்தரும் பண்டாரசாமியாகவே வாழ்ந்தார். எல்லோரையும் சந்திக்க ஒரு வழி கிடைத்தது. ஆனால், சாதி என்ற சுவர் இடியவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பாதை போட்டார்கள், அவ்வளவுதான். எல்லோருக்கும் சொல்ல ஒரு கோபுரம் ஏறிய கதையைச் சொல்லும் இந்த மண்ணில், அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

முன்னால் நடந்தவர்கள்

அருளானந்தர் தனியாக நடக்கவில்லை. அவருடைய குழுவில் முக்கியமானவர்கள் கப்பலில் வந்தவர்கள் அல்ல, உள்ளூர் உபதேசியார்கள். எந்த ஊரில் தங்கலாம், எந்த ஊரில் ஆபத்து என்று பார்த்து வருவது, ஜெபம் சொல்லிக்கொடுப்பது, நோயாளியைப் பார்ப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. பண்டாரசாமி வருடத்தில் சில நாள்கள் தலைகாட்டும் ஊரில், மீதி நாள்களைத் தாங்கியவர்கள் அவர்கள்தான்.

அடி விழுந்தபோதும் அவர்கள் கூட இருந்தார்கள். 1686 ஜூலையில் மறவர் சீமையில் அருளானந்தரும் உபதேசியார்களும் பிடிபட்டார்கள். திருக்கோஷ்டியூரிலிருந்து தெற்கே ஒரு பகல் நடையில் இருக்கும் காளையார்கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சித்ரவதை செய்தார்கள். கடைசியில் ராமநாதபுரத்தில் சேதுபதி ரகுநாத கிழவன், இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு விடுவித்தார்.

ஒரு வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். பிழைத்த பிறகு அருளானந்தருக்கு ஏறிப்போக ஒரு கப்பல் இருந்தது. உபதேசியார்களுக்கு இதுதான் ஊர். அடித்தவர்களின் தெருவில்தான் மறுநாளும் தண்ணீர் எடுக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனவர்

மிஷன் வேலையாக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1687-ல் லிஸ்பன் சேர்ந்தார். பிறந்த ஊர், தெரிந்த முகங்கள், பழகிய சாப்பாடு. அங்கும் அவர் இறைச்சி தொடவில்லை. கீரை, பருப்பு, பழம்தான். தரையில்தான் தூங்கினார். மன்னர் இரண்டாம் பெத்ரோ, தன் மகனுக்கு ஆசிரியராக இருக்கச் சொன்னார். மறுத்துவிட்டார்.

மதுரைச் சீமையில் பிறர் மதிக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய பழக்கம், பார்க்க யாருமில்லாத இடத்திலும் தொடர்ந்தது. நம் மனதை மாற்ற வந்தவரின் வயிற்றை நம் ஊர் முதலில் மாற்றிவிட்டது. துபாயிலும் சிங்கப்பூரிலும் பத்து வருடம் இருந்துவிட்டு வந்தவர்களின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த ஊரின் ஏதோ ஒரு பழக்கம் பெட்டியோடு வந்திருக்கும்.

1690-ல் மறுபடி கோவா. பிறகு மறுபடி, போகக் கூடாது என்று சொன்ன அதே மறவர் சீமை.

ஓரியூர்

தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் நோயில் கிடந்தார். அருளானந்தர் முதலில் அனுப்பியது ஓர் உபதேசியாரை. அவர் ஜெபித்த பிறகு தேவர் எழுந்தார் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. ஞானஸ்நானம் கேட்டவருக்கு ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண் கடலாயி.

இந்தக் கதையை எல்லோரும் துறவியின் பக்கமிருந்தே சொல்வார்கள். அந்தப் பெண்ணின் பக்கமும் ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். கணவன் வேறு வழிபாட்டுக்குப் போனான். அவளை யாரும் கேட்கவில்லை. வீடும் உறவும் ஒரே நாளில் போயின. அவளுடைய முறையீடு அரண்மனைக்குப் போனதில் வியப்பில்லை.

1693 ஜனவரியில் அருளானந்தர் பிடிபட்டார். ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே சிறையில் இருந்து சக துறவிகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். மை கிடையாது, கரித்தூளைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டார். பேனா, ஒரு வைக்கோல் துரும்பு. பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்று தலை வெட்டப்பட்டது. 1947 ஜூனில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

எஞ்சிய வேலை

அதன்பிறகு இந்தப் பாதையில் தமிழர்களும் வேறு மொழி ஊர்களுக்குப் போனார்கள். 1903-ல் நெல்லைக் கிறிஸ்தவர்கள் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது. அங்கே போன வே.ச.அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர் ஆனார். அவர்களும் தெலுங்கு அட்சரத்தை அ, ஆ-விலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

இப்போது பத்து நாளில் போய்வரும் குழுப் பயணங்கள் பல உண்டு. கோயில் யாத்திரை, மிஷன் பயணம், தொண்டு முகாம் எதுவானாலும், திரும்பி வந்ததும் கைப்பேசியில் படங்கள் ஓடும். நடுவில் விருந்தாளிகள். ஓரத்தில் சோறு பொங்கியவர், வழி காட்டியவர், மொழி சொல்லிக்கொடுத்தவர்.

அருளானந்தரின் பெயர் தேவாலயங்களிலும், கருமாத்தூர்க் கல்லூரியிலும் இருக்கிறது. அவருக்கு முன்னால் நடந்து ஊர் பார்த்து வந்தவர்களின் பெயர் பலருக்கும் தெரியாது. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை பயணம் போய்வந்து படம் காட்டும்போது, ‘எங்கே போனாய்?’ என்பதோடு நிறுத்தாமல் இன்னும் ஒன்று கேளுங்கள்: “ஓரத்தில் நிற்கிறாரே, அவர் பேர் என்ன?”