களை பறிப்பவளுக்குப் பந்தலில் இடம் உண்டா?

இயற்கை விவசாய மகாநாடுகளுக்குத் தமிழ்நாட்டில் இன்று பஞ்சமில்லை. விதைத் திருவிழா, பாரம்பரிய நெல் கண்காட்சி, உழவர் பயிலரங்கு, வேளாண் சங்கமம் என்று பெயர்கள் பல. சர்க்காரும் நடத்துகிறது, சங்கங்களும் நடத்துகின்றன, கம்பெனிக்காரர்களும் நடத்துகிறார்கள். அண்ணாகிராமம் ஒன்றியத்தில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கரும் வைத்துக்கொண்டு தத்தளிக்கும் விவசாயிக்கும், அந்த நிலத்தில் இறங்கி நாற்று நடும் தொழிலாளிக்கும் இவற்றால் என்ன பலன் என்று கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

நமது தோழர்களிலேயே சிலர், இதெல்லாம் காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, பட்டணத்துப் படிப்பாளிகளின் புது மோகம் என்று கைகழுவி விடுகிறார்கள். வேறு சிலரோ பஞ்சகவ்யம் தெளித்தால் பஞ்சம் பறந்துவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டையும் நாம் ஏற்கவில்லை. விவசாயிகள் ஓரிடத்தில் கூடி ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்வது என்பது ஒரு சக்தி. அந்தச் சக்தி யார் கையில் இருக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதுதான் நமது கேள்வி.

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மாழ்வாரின் தூண்டுதலில் ‘நெல்’ ஜெயராமன் அதை நடத்தினார். நம்மாழ்வார் 2013 டிசம்பரிலும், ஜெயராமன் 2018 டிசம்பரிலும் மறைந்துவிட்டார்கள். ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை ஊர் ஊராக அலைந்து திரட்டினார். அவர் வைத்த ஏற்பாடு மிக எளியது. வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதைநெல் இனாம். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை, வட்டிக்கடை வாசலும் இல்லை. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, கம்பெனி விதைப் பொட்டலம் புகுந்த ஊர்களில் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் காட்டுயானமும் மறுபடியும் தலையெடுத்தன. சொற்பொழிவைவிட இந்த 2 கிலோதான் அந்தத் திருவிழாவின் உயிர்.

ஆனால் இங்கேயே ஒரு கேள்வி எழுகிறது. காட்டுயானம் ஆளுயரத்துக்கு மேல் வளரும், வெள்ளத்தில் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015-ல் பெருவெள்ளத்தையும், 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கி வந்ததையும் பார்த்த கடலூர் ஜில்லா விவசாயிக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்த நெல் விளைய ஏறத்தாழ 180 நாள் ஆகும். ஆடுதுறை 43 சுமார் 110 நாளில் கைக்கு வந்துவிடும். சொந்த நிலக்காரர் 180 நாள் காத்திருப்பார். வாய்வார்த்தைக் குத்தகைக்காரன் காத்திருப்பானா? கடன்காரன் அவனைக் காத்திருக்க விடுவானா? ரகத்தின் பெருமையைப் பேசும் மேடையில் இந்தக் கணக்கையும் போட்டுக் காட்டவேண்டாமா?

உலகத்தில் இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு, தப்பாகச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் தின்று தீர்த்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. காரணம் என்ன? புகையானைத் தின்னும் சிலந்தியும் மற்றப் பூச்சிகளும் மருந்தில் மடிந்துபோயின. 1986-ல் அந்த நாட்டுச் சர்க்கார் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடை செய்தது. 1989 முதல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பள்ளி என்றால் பெஞ்சும் கரும்பலகையும் இல்லை. சுமார் 25 விவசாயிகள் வாரம் ஒருமுறை ஒரே வயலில் இறங்குவார்கள். தூரில் எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று தாங்களே எண்ணுவார்கள். எண்ணிப் பார்த்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே முடிவுசெய்வார்கள். நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரையில் இதுதான் பாடம்.

கியூபாவின் கதை இன்னொன்று. 1991-ல் சோவியத் நாடு சிதறியதும் அங்கே உரமும் எண்ணெயும் வருவது நின்றது. சிறு விவசாயிகளின் தேசியச் சங்கம் 1997 முதல் ‘விவசாயியிடமிருந்து விவசாயிக்கு’ என்ற இயக்கத்தைக் கையிலெடுத்தது. முறை குவாதமாலா நாட்டு ஏழை விவசாயிகளிடமிருந்து வந்தது. ஒரு விவசாயி தன் வயலில் வெற்றி கண்டதைப் பக்கத்து விவசாயி வந்து பார்ப்பார், திரும்பிப் போய்த் தன் வயலில் செய்து பார்ப்பார். அதிகாரி கூட்டத்தைக் கூட்டி உபதேசம் செய்யும் வேலை அங்கே இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் குடும்பங்களுக்குமேல் இதில் சேர்ந்தன. சங்கம் இருந்ததால் அது நடந்தது.

இதற்கு நேர்மாறு இலங்கை. 2021-ல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை ராஜபக்ச சர்க்கார் தடைசெய்தது. விவசாயியைக் கேட்கவில்லை, கற்றுக்கொடுக்கவில்லை, மாற்று உரமும் போதுமான அளவு இல்லை. நெல்லும் தேயிலையும் விழுந்தன. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையை வாபஸ் வாங்கவேண்டியதாயிற்று. சேதத்தைச் சுமந்தது யார்? உத்தரவு போட்டவர்கள் அல்ல, சிறு விவசாயியும் தோட்டத் தொழிலாளியும்தான். இயற்கை விவசாயமே பொய் என்று இதைக் காட்டி உரக் கம்பெனிகள் கொண்டாடுகின்றன. நமக்குத் தெரிவது வேறு: உழுகிறவனைக் கூட்டி உட்காரவைக்காமல் மேலிருந்து போடும் எந்த உத்தரவும், நல்ல உத்தரவானாலும், வயலில் செத்துப்போகும்.

யார் வரவில்லை?

நமது ஊருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் சாகுபடி செய்வோர் சுமார் 42 லட்சம். விவசாயக் கூலித் தொழிலாளர் 96 லட்சம்! நிலத்தில் பாடுபடும் மூன்று பேரில் இரண்டு பேருக்குமேல் கூலிக்காரர்கள். 2015-16 விவசாயக் கணக்கெடுப்புப்படி, நிலமுள்ளவர்களிலும் நூற்றுக்கு 93 பேர் சிறு, குறு விவசாயிகள். சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான். மகாநாட்டு மேடையில் ‘விவசாயி’ என்ற ஒரே வார்த்தையில் இத்தனை பேரையும் அடக்கிவிட்டு, பந்தலுக்குள் பார்த்தால் இருப்பது யார்? ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வரக்கூடியவர், பஸ் செலவைத் தாங்கக்கூடியவர், பட்டாவும் சிட்டாவும் கையில் உள்ளவர்.

களை பறிக்கும் பெண்ணுக்குக் கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் நெல்லில் புகையான் அண்டியதை முதலில் கண்ணால் பார்ப்பவள் அவள்தான். குனிந்தபடி தூருக்குத் தூர் போகிறவளுக்குத் தெரியாத பூச்சியா? எந்த மடையில் கோரை மண்டுகிறது, எந்த வரப்போரம் நாற்று பிடிக்காது என்பதெல்லாம் அவள் விரல்நுனியில் இருக்கிறது. கற்றுக்கொள்ள மட்டுமல்ல, கற்றுக்கொடுக்கவும் அவள் அங்கே இருக்கவேண்டும். அவளை விட்டுவிட்டு ‘பாரம்பரிய அறிவு’ பற்றி மூன்று மணிநேரம் பேசுவது வேடிக்கைதான்.

குத்தகைக்காரன் நிலையும் அதே. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-லேயே சட்டம் வந்தது. ஆனால் வாய்வார்த்தைக் குத்தகையாகவே உழுது மடிகிறவர்கள் இன்றும் ஏராளம். பி.எம். கிஸான் உதவித்தொகையும் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான், உழுகிறவனுக்கு இல்லை. இரண்டு போகம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றி வைத்தால், மூன்றாம் ஆண்டு ‘நிலம் நன்றாயிருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று நிலக்காரர் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது? மண்வளம் என்பது சாகுபடிப் பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். இதை எந்த மண்வளப் பயிலரங்கிலும் முதல் பாடமாக வைக்கவேண்டும்.

கூலியைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். களைக்கொல்லி வந்தபிறகு களையெடுப்பு வேலைநாள் சுருங்கிப்போனது. இயற்கை விவசாயம் அந்த வேலைநாளைத் திருப்பித் தருகிறது. தொழிலாளிக்கு இது நல்லதே. ஆனால் ஒரு ஏக்கர்க்காரர் அந்தக் கூலியை எங்கிருந்து கொடுப்பார்? அதனால்தான் இந்தக் கூட்டங்களில் ‘ஆள் கிடைக்கவில்லை, கூலி ஏறிப்போச்சு’ என்ற புலம்பல் எழுகிறது. சிறு விவசாயித் தோழரே, உம்மை அழுத்துவது களை பறிப்பவளின் கூலியா? சர்க்கார் மானியம் தந்து 45 கிலோ யூரியா மூட்டையை ரூ.266-க்குச் சில்லறையில் கிடைக்கச் செய்கிறது. அந்த மானியப் பணம் போய்ச் சேருவது உர ஆலைக்கு. அதே மண்ணுக்குச் சாணமும் தழையும் சுமக்கும் தோளுக்கு மானியம் உண்டா? ஒரு நாட்டு மாடு இருந்தால் 30 ஏக்கர் செய்யலாம் என்று உபதேசிக்கிறார்கள். அந்த மாட்டுக்குப் புல் அறுப்பது யார், சாணம் அள்ளுவது யார், மாடே இல்லாதவர் என்ன செய்வது என்று உபதேசத்தில் வருவதில்லை. தஞ்சை ஜில்லாவில் 1943-ல் தென்பரையில் கூடிய பண்ணையாட்கள் சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழிக்கக் கூடினார்கள். அங்கே சாணம் என்பது தண்டனையாக இருந்தது. பழைய விவசாயத்தின் பெருமை பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

விஷத்தின் இரண்டு முனை

ஆலைத் தொழிலாளி இதையெல்லாம் படித்து, ‘இது கிராமத்து விவகாரம்’ என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மூச்சில் விஷமேறி மாண்டார்கள். 2021 மே மாதம் நமது கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். கொதிகலன் பக்கத்தில் நிற்பவனும் முதுகில் மருந்துத் தெளிப்பானைச் சுமப்பவனும் ஒரே விஷத்தின் இரண்டு முனையில் நிற்கிறார்கள். ‘விஷமில்லா உணவு’ என்று மகாநாட்டு வாசலில் எழுதி வைக்கிறார்களே, ‘விஷமில்லா வேலை’ என்று யாராவது எழுதினார்களா?

ஆலைத் தொழிலாளி செய்யக்கூடிய காரியமும் உண்டு. இயற்கை நெல்லுக்குச் சான்று வேண்டும். சான்றளிக்கக் கோயமுத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 முதல் சர்க்கார் துறை ஒன்று இருக்கிறது. தனியாகப் போய் அந்தக் காகிதங்களை நிரப்பிக் கட்டணம் கட்டுவது ஒரு ஏக்கர்க்காரருக்குப் பெரும் சுமை. ஆனால் பி.ஜி.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாதம் என்று சொல்லலாம். ஐந்து விவசாயிகளாவது சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர் பார்த்து, மருந்து அடித்தாரா இல்லையா என்று சாட்சி சொல்வார்கள். ஒருவர் தப்பு செய்தால் குழுவுக்கே கெட்ட பெயர். ஒற்றுமையை அடித்தளமாக வைத்த ஏற்பாடு இது, நமக்குப் பழக்கமான வழி. இந்தக் குழுக்களின் அரிசியைத் தரகர் வாங்கிப் பட்டணத்துக் கடையில் பளபளப்பான பையில் கொழுத்த விலைக்கு விற்பதற்குப் பதிலாக, நெய்வேலியிலும் நெல்லிக்குப்பத்திலும் சிப்காட்டிலும் உள்ள தொழிலாளர் சங்கங்களும் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் ஏன் நேராக வாங்கக்கூடாது? தொழிலாளிக்கு விலை குறையும், விவசாயிக்கு விலை கூடும். கூடும் விலையில் களையெடுப்புக் கூலிக்கு ஒரு பங்கு எழுதி வைக்கலாம். மகாநாட்டில் ‘தொடர்பு ஏற்படுத்திக் கொள்ளுங்கள்’ என்று விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்கிறார்கள். நாம் சொல்லும் தொடர்பு இதுதான்.

அண்ணாகிராமத்தைச் சுற்றிக் கல்வி நிலையங்களுக்குக் குறைவில்லை. பாலூரில் 1905-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம். 2023-ல் தமிழ்நாடு சர்க்கார் அங்கக வேளாண்மைக் கொள்கை ஒன்றையும் வெளியிட்டது. அட்மா திட்டத்தில் பயிற்சிக்கும் பண்ணைப் பள்ளிக்கும் வழியுண்டு. ஆகவே நாம் கேட்பது ஆகாயத்துச் சந்திரனை அல்ல. பயிற்சிக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலியைப் பயிற்சிப் பணத்திலிருந்தே கொடு. பெண்கள் வரமுடியாத நேரத்தில் கூட்டம் வைக்காதே. பட்டா கேட்காமல் குத்தகைக்காரனைச் சேர்த்துக்கொள். பந்தலும் மாலையும் பொன்னாடையும் குறைந்தாலும் பரவாயில்லை, வயலில் இறங்கு.

சர்க்கார் செய்யும்வரை கைகட்டி இருக்கவும் வேண்டாம். விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஊருக்கு ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தால் போதும். நடவு முடிந்த பதினைந்தாம் நாளிலிருந்து வாரம் ஒரு மாலை, வேலைவிட்டு வருகிற வழியில், அரைமணி நேரம் அந்த வரப்பில் நில்லுங்கள். பூச்சியை எண்ணுகிறவர்களில் பாதிப்பேர் களையெடுக்கும் பெண்களாக இருக்கட்டும். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ஒரு நாள் கூடுங்கள். முதலில் அந்தப் போகத்தின் கூலிக் கணக்கைப் பேசுங்கள், பிறகு விதையைப் பங்கிடுங்கள். இரண்டு கிலோ வாங்கி நான்கு கிலோ தருகிற ஆதிரெங்கத்து ஏற்பாடே போதும். வாங்குகிறவர் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பட்டா எண்ணுக்கு அதில் பத்தி வேண்டாம்.