எடை மெஷினுக்குக் கொழுப்பைப் பற்றி என்ன தெரியும்?

குண்டாக இருப்பவரைப் பார்த்தால் "வாயைக் கட்டுங்க" என்று உபதேசம். ஒல்லியாக இருப்பவருக்கு "உங்களுக்கென்ன கவலை!" என்று சர்டிஃபிகேட். இரண்டுமே அபத்தம்.

கொழுப்பு ஒன்றும் குடோனில் அடுக்கிய அரிசி மூட்டை அல்ல. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் மரபணுவைக் கண்டுபிடித்தது. "சாப்பிட்டது போதும்" என்று மூளைக்குச் சேதி அனுப்பும் அந்த மரபணு வேலை செய்வதே கொழுப்புத் திசுவில்தான். கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பினால், அதிலும் வயிற்றுக்குள் குடலைச் சுற்றி உப்பினால், மரபணுக்களின் போக்கே மாறிவிடுகிறது. அழற்சியைக் கிளப்பும் புரதங்கள் அதிகம் சுரக்கின்றன. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் குறைகிறது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் பாதை இப்படித்தான் போடப்படுகிறது. தொடைக் கொழுப்பு பெரும்பாலும் சாது!

2004-ல் லான்செட் இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்பு? யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினைக் கேட்டால் இருவரும் 'நார்மல்'.

"எல்லாம் மரபணு என்றால் பஜ்ஜி சாப்பிடலாமே?" என்று சிலர் கிளம்புவார்கள். மரபணுவின் செயல்பாடு தலையெழுத்து இல்லை சார், எடை குறைந்தால் அதுவும் மாறும்.

இத்தனை தெரிந்தும் பல மெடிக்கல் செக்கப்களில் உயரம், எடை, அத்தோடு சரி. இடுப்புச் சுற்றளவு இந்திய ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பார்க்க, தையல்கடை இஞ்ச் டேப் ஒன்று கூடவா கிடைக்கவில்லை?