மூட்டையை இறக்கி வைத்தவர்களும் நம் தோழர்களே

"வேலையை விட்டாச்சு, இனி யூனியன் எதுக்கு?" மட்டாஞ்சேரியில் மூத்த தொழிலாளர்கள் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் மீது நமக்கு வருத்தமில்லை. முப்பது நாற்பது வருடம் மூட்டை சுமந்த தோள் தளர்ந்ததும், அந்தத் தோளுக்குரியவரையே மறந்துவிடும் சங்கங்கள் உண்டு. ஓய்வு பெறும் நாளில் ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு குரூப் போட்டோ. அதன் பிறகு அவர் இருக்கிறாரா, படுத்துவிட்டாரா என்று விசாரிக்க ஆளில்லை. இப்படிப்பட்ட சங்கத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை எழுப்பாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் கேள்விக்கான பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பஜார் ரோட்டில் நடந்து போகும் நம் இளைஞர்கள் எத்தனை பேருக்கு 'சாப்பா' என்றால் என்னவென்று தெரியும்? அது ஒரு உலோக வில்லை. அன்று கொச்சித் துறைமுகத்தில் வேலை வேண்டுமானால் அந்த வில்லை கையில் இருக்க வேண்டும். காத்துக் கிடக்கும் கூட்டத்தை நோக்கி மூப்பன் அதை வீசி எறிவான். நூறு பேர் நின்றால் வில்லைகள் அதில் பாதிகூட இருக்காது. ஒருவன் மேல் ஒருவன் விழுந்து, மண்ணில் புரண்டு, யார் கையில் சிக்குகிறதோ அவனுக்கு அன்றைய கூலி. வயதானவர் கைக்கு அது எப்படிக் கிடைக்கும்? அடிபட்டு விலகி நிற்பார், பட்டினியாக வீடு திரும்புவார். சாப்பா முறையில் ஓய்வு என்று ஒன்று கிடையாது. தள்ளுமுள்ளில் தோற்கத் தொடங்கிய நாளே ஓய்வு பெற்ற நாள்.

இந்தக் கேவலத்தை எதிர்த்துக் கொச்சித் துறைமுகத் தொழிலாளர்கள் 1953-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருடம் செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. செய்து, செய்தலவி என்ற இருவர் குண்டுக்குப் பலியானார்கள். ஆண்டனி என்ற தோழர் போலீஸ் சித்திரவதையால் உயிரிழந்தார். (அப்போது மட்டாஞ்சேரி திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஃபோர்ட் கொச்சியோ 1956 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. 'வெளியூர்க்காரன்' என்று நம்மை ஏசுகிறவர்கள் இதையும் தெரிந்து வைத்துக் கொள்ளட்டும்.) கே.எம். சிதம்பரனின் 'துறமுகம்' நாடகமும், அதைக் கொண்டு ராஜீவ் ரவி எடுத்து 2023-இல் வெளிவந்த படமும் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன.

அவர்கள் இரத்தம் சிந்திப் பெற்றது என்ன? கூலி உயர்வு மட்டுமா? 1948-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கொச்சியிலும் வாரியம் அமைந்து, 1960-களின் தொடக்கத்தில் சாப்பா ஒழிந்தபோது, வில்லை இருந்த இடத்துக்குப் பதிவேடு வந்தது. முதல் தடவையாகத் தொழிலாளியின் பெயர், வயது, வேலைக்குச் சேர்ந்த நாள் ஆகியவை எழுதி வைக்கப்பட்டன. பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, பென்ஷன், இறந்த பின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் எல்லாமே அந்த ஒரு வரி எழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். சந்தையில் சுமை தூக்குகிறவர்களுக்கு இதே நியாயம் கிடைக்க இன்னும் காலம் பிடித்தது. 1978-ஆம் ஆண்டின் கேரள சுமைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கும் அடையாள அட்டை, வாரியம், க்ஷேமநிதி, கூலிக்கு மேல் முதலாளி செலுத்த வேண்டிய பங்கு என்ற ஏற்பாடு உருவாயிற்று. வயலில் வேலை செய்தவருக்கு 1980-இல் நாயனார் அரசு மாதம் 45 ரூபாய் விவசாயத் தொழிலாளர் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியதையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். எந்த அரசும் தூக்கத்தில் விழித்துக்கொண்டு இவற்றைக் கொடுத்துவிடவில்லை.

பென்ஷன் யாரும் இடும் பிச்சையல்ல என்பதை உச்சநீதிமன்றம் நகாரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. செய்த வேலைக்கு உரிய பாக்கி அது. பாக்கி வசூலிப்பது சங்கத்தின் வேலை என்றால், பாக்கிக்குரியவர் கிழவராகிவிட்டார் என்பதால் அந்த வேலை முடிந்துவிடுமா?

முடியாது என்பதை அக்ஷயா மையத்தின் வாசலில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் புரியும். பென்ஷன் வாங்குகிறவர் தாம் உயிரோடு இருப்பதாக வருடத்துக்கு ஒருமுறை நிரூபித்தாக வேண்டும். இயந்திரத்தில் விரலை வைக்கச் சொல்கிறார்கள். சாக்கையும் கயிற்றையும் பிடித்தே தேய்ந்துபோன விரலில் ரேகை எங்கிருந்து வரும்? உழைத்ததற்கு அடையாளமான அந்த விரலே, உழைப்பாளி உயிரோடு இல்லை என்று சாட்சி சொல்கிறது! முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வழியும் இப்போது வந்திருக்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொல்லிக் கூடவே போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். மகன் திருப்பூரில் இருப்பான், மகள் வீட்டு வேலைக்குப் போயிருப்பாள். சங்கத்து ஆள் போகாவிட்டால் யார் போவது?

நம் தமிழர் விஷயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பழனி என்ற பெயரை ஒரு குமாஸ்தா மலையாளத்தில் ஒரு விதமாக எழுதுவார், ஆதாரில் ஆங்கிலத்தில் வேறு விதமாக இருக்கும், பாங்க் பாஸ்புக்கில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் இருந்து பின்னால் போயிருக்கும். பிறந்த தேதி மூன்று தாளில் மூன்று. வேலையில் இருக்கும்போது திருத்தியிருந்தால் ஒரு மனுவோடு போயிருக்கும். அறுபது வயதில், ஒப்பந்தக்காரரும் செத்துப்போய், கம்பெனியும் மூடிய பிறகு, யாரிடம் கையெழுத்து வாங்குவது?

பெயர் தப்பாக இருப்பவராவது பாக்கியசாலி. பெயரே இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். மேஸ்திரி கூப்பிட்டால் வேலை, சாயங்காலம் கையில் காசு, புத்தகத்தில் ஒன்றும் கிடையாது. உலோக வில்லை போய்விட்டது. மேஸ்திரியின் செல்போன் அழைப்பு அதன் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வெளி மாநிலத் தொழிலாளருக்கென்று கேரள அரசு 2010-இல் தனி நலத்திட்டம் கொண்டு வந்தது. தொடங்கியபோது சந்தா வருடத்துக்கு 30 ரூபாய். நம் தெருவில் அதில் சேர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். முதலாளி என்று ஒருவர் இல்லாத தொழில்களும் இருக்கின்றன. ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் துணி வெளுக்கும் நம் மக்கள், டச்சுக்காரர் காலத்தில் அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள். அங்கே முதியவர்கள் இன்னும் கல்லில் துணி அடிப்பதற்குக் காரணம் தொழிலின் மேலுள்ள ஆசை மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

சங்கங்களிடம் பணமில்லை என்பார்கள். உண்மைதான். 2011-இல் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் திறந்தது. தோளில் ஏறிய சரக்கு இரும்புப் பெட்டிக்குள் போயிற்று, சந்தா கட்டும் கைகள் குறைந்தன. இருந்தாலும் பழைய தோழர்கள் கேட்பது பெரும்பாலும் பணமல்ல. மனு எழுதத் தெரிந்த ஒருவர், ஆஸ்பத்திரிக்குத் துணை, இறந்தால் வீட்டுக்கு வந்து நிற்கும் நாலு பேர். வெள்ளைக்காரன் போட்ட 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே, உறுப்பினரின் முதுமை, நோய், விபத்து, மரணம் ஆகியவற்றுக்குச் சங்கத்தின் பொதுநிதியிலிருந்து உதவலாம், ஈமச் செலவும் கொடுக்கலாம் என்று 15-ஆம் பிரிவில் எழுதி வைத்தது. அந்நியன் மனத்தில் பட்டது நம் நிர்வாகிகள் மனத்தில் படாதா?

ஆகவே மட்டாஞ்சேரியின் எல்லாத் தொழிற்சங்கங்களையும், கொடியின் நிறம் பாராமல், நாம் கேட்பது இது: ஓய்வு பெற்றவரின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து அடிக்காதீர்கள். மூத்தோர் பிரிவு ஒன்று வைத்து, பெயரளவுக்கு ஒரு சந்தா வாங்கிக்கொண்டு, பொதுக்குழுவில் அவர்களுக்கு வாயும் வாக்கும் கொடுங்கள். வேலையில் இருக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்தவரின் மனுவைத் தள்ளிவிடாதீர்கள்.

நம் பங்குக்கு நாமும் சும்மா இருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் வாசகசாலையில், தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆதார், பாஸ்புக், பழைய அடையாள அட்டை, கூலிச் சீட்டு, எது வீட்டில் கிடக்கிறதோ அதை எடுத்து வாருங்கள். நடக்க முடியாத பெரியவர் இருந்தால் விலாசம் சொல்லி அனுப்புங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம்.