அபிராமி என்றொரு பெயர்

தமிழ்த்துறை மலரில் திரைப்படத்தைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்ன செய்வது, எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

1991 தீபாவளிக்கு வெளிவந்த 'குணா'வை, 2024-இல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படம் இன்றைய மாணவர்க்கும் அறிமுகப்படுத்திவிட்டது. சந்தானபாரதி இயக்கிய அப்படத்தில், மனம் பிறழ்ந்த நாயகன் செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தியைத் தன் கனவில் வாழும் அபிராமி என்றே நம்பிக் கடத்துகிறான். மலைமேல் ஆளரவமற்ற பாழ்மனையில் அடைத்து வைக்கிறான். அங்கே அவளுக்கு ஒரு காதல் கடிதம் எழுத ஆசை பிறக்கிறது. எழுதுபவளோ அவளே! அவன் சொல்லச் சொல்ல எழுதி, அவளே படித்தும் காட்டுகிறாள். சிறைப்பட்டவள் சிறைவைத்தவனுக்கு எழுத்தராகும் இவ்விந்தை நம்மைச் சிரிக்க வைக்கிறது. இளையராஜாவின் இசை அச்சிரிப்பைக் காதலாகவே மாற்றிவிடுகிறது. கமல்ஹாசனின் நடிப்பை வியந்தவருள் நானும் ஒருவன்.

ஆயினும் ஓர் ஐயம். அவளுக்கென்று ஒரு பெயர் இருந்ததே, அது நம்முள் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவன் உள்ளத்தை மூலை முடுக்கெல்லாம் காட்டிய படம், பூட்டிய கதவுக்குள் அவள் பட்ட அச்சத்தை விரைந்து கடந்து, அவளை அபிராமியாகவே ஆக்கிவிடுகிறது.

திருப்பூரில் வாழ்பவனுக்கு இவ்வையம் எளிதில் அகலாது. நம் பின்னலாடைகளுக்கு நூல் தரும் கொங்கு நாட்டு ஆலைகள் பலவற்றில், ஏழை வீட்டு வளரிளம் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டனர். முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை தருவதாகப் பேச்சு. வளாகத்துக்குள்ளேயே விடுதி, வெளியே செல்லவும் வீட்டாரோடு பேசவும் கட்டுப்பாடு. நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011-இல் அறிக்கை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. இதற்குச் சூட்டிய பெயர்களைப் பாருங்கள்: சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம்! முதலில் மங்கலப் பெயர், பிறகு பூட்டு. குணா செய்ததும் அதுவேயன்றோ? அவனுக்காவது பித்து என்று சொல்லலாம்.

அத்தொகை எதற்கு? பெரும்பாலும் சீதனத்திற்கு. மணமகன் மஹர் தர வேண்டும் என்ற மார்க்கத்தில் பிறந்தும் கைக்கூலி வாங்கும் வழக்கத்தை நாமும் விட்டபாடில்லை. ஆதலால் இதனைப் பிறர் வீட்டுச் செய்தியென ஒதுக்க எனக்கு வாய் வரவில்லை. மூன்றாண்டு முடியுமுன் நோயுற்று ஊர் திரும்பி, அத்தொகையையும் இழந்த பெண்கள் உண்டு. அவர்களைப் பற்றிய கடிதத்தை எழுதியவர் எவருமிலர்.