மனக்கவலையும் மாத்திரையும்

மழையை நம்பி விதைப்பவனுக்கும் கடன் வாங்கித் தறி ஓட்டுபவனுக்கும் கவலை புதிதன்று. அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டி முதல் திருச்சுழி வரையிலுள்ள மானாவாரிச் சீமையில் அது பரம்பரைச் சொத்தாகவே இருந்து வருகிறது. ஆனால் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, பல நாள் தூக்கமின்றி வருந்துபவனைக் கோழையென்று பரிகசிப்பது அறியாமை. அது வியாதி, வியாதிக்கு வைத்தியம் உண்டு.

1963-ல் வாலியம் என்ற பெயரில் வெளிவந்த டயஸிபாமும், பின்னர் வந்த அல்பிரஸோலம், லோரஸிபாம் முதலியவைகளும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவை. தக்க வைத்தியர் தக்க அளவில் சொற்ப காலத்திற்குக் கொடுத்தால் இவை உபகாரமே செய்யும். ஆகையால் நாம் மருந்தைப் பழிக்க வரவில்லை. ஒரு முறை எழுதிய சீட்டைக் கொண்டு வருஷக்கணக்கில் வாங்கி உண்பதையும், அண்டை வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதையுமே கண்டிக்கிறோம்.

சில வாரங்களிலேயே உடல் இம்மருந்துக்குப் பழகிவிடக்கூடும். பழைய அளவு போதாமற் போகும். பயந்து திடீரென்று நிறுத்தினாலோ, நடுக்கமும் வலிப்பும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சாராயத்துடனோ அபினி வர்க்க வலி மருந்துகளுடனோ சேர்ந்தால் சுவாசம் அடங்கிவிடவும் கூடும். வயோதிகர் இரவில் தடுமாறி விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு.

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் முதல் அமலுக்கு வந்த 'எச்-1' அட்டவணைப்படி, அல்பிரஸோலம், டயஸிபாம் முதலியவற்றை விற்கும் கடைக்காரர் வைத்தியர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் புத்தகத்தில் பதிந்து 3 வருஷம் காப்பாற்ற வேண்டும். சீட்டுக் கேட்கும் கடைக்காரரைக் கோபிப்பவர் தமக்கே தீங்கு தேடுகிறார்.

எனினும் ஏழையை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. விருதுநகரில் 2022-ல் சர்க்கார் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகிறது. மருந்துக் கடையோ தெருக்கோடியில் இருக்கிறது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் மனநல வைத்தியர் தவறாது அமரும் நாளைக் கிராமந்தோறும் தண்டோராப் போட்டு அறிவிக்கச் சர்க்கார் முன்வர வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற இலவச டெலிபோன் உதவியையும் தொண்டர்கள் வீடுதோறும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடனுக்கும் மழையின்மைக்கும் மாத்திரை பரிகாரமாகாது. அவற்றுக்குப் பரிகாரம் தேடுவது அரசியல். வியாதிக்குப் பரிகாரம் வைத்தியம். இரண்டையும் மருந்துக் கடைக்காரர் தலையில் சுமத்திவிட்டு நாம் நிம்மதியாக உறங்கலாகாது.